மாளிகைக் கோபுரத்தின் வரலாற்றைப் படிக்கும் முறை: லுக்காவின் குயினீஜி கோபுரம்

இத்தாலியின் டஸ்கனி பகுதியிலுள்ள லுக்கா நகரில், குயினீஜி குடும்பத்தின் செங்கல் மாளிகையை ஒட்டி ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோபுரத்துக்கு வருவோரில் பெரும்பாலோர், உச்சியிலுள்ள மரங்களைக் காண நேரே மேலே ஏறிவிடுகின்றனர். வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் தெருவில் நின்று சுவரைப் பார்க்க வேண்டும்.

மாளிகையும் கோபுரமும் சேருமிடத்தில், செங்கல் வரிகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்கின்றனவா, மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று கவனியுங்கள்; எந்தக் கட்டடத்திலும் பின்னல் ஒரே காலத்துக் கட்டுமானத்தையும், பிரிவு பிற்காலச் சேர்க்கையையும் பெரும்பாலும் காட்டும். அடுத்து, தரைத்தளத்தைப் பாருங்கள். முன்பு தெருவை நோக்கித் திறந்திருந்த வளைவு மண்டபம் பின்னாளில் சுவர் எழுப்பி அடைக்கப்பட்டதை, வளைவுகளின் விளிம்பு இன்றும் காட்டிக்கொடுக்கிறது.

பிறகு சன்னல்களுக்கு வாருங்கள். மெல்லிய தூண்களால் பிரிக்கப்பட்டு, மூன்றும் நான்குமாக அடுத்தடுத்து அமைந்த வளைவுச் சன்னல்கள் முற்றுகைக்கு அஞ்சிய வீட்டுக்குரியவை அல்ல. குடும்பப் பகையின் காலத்தில் டஸ்கனி நகரங்களில் எழுந்த கோபுரங்கள் குறுகிய திறப்புகளோடு இறுகிய தோற்றம் கொண்டிருந்தன. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதுவோ வணிகத்திலும் வட்டித் தொழிலிலும் செழித்த ஒரு குடும்பம் தன் செல்வாக்கை ஊரறியச் செய்யும் முயற்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி ஏறலாம், படிகள் ஏறத்தாழ 230. உச்சியில், மண் நிரப்பிய சுவர்த்தொட்டிகளில் ஓக் மரங்கள் நிற்கின்றன. 14-15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த லுக்கா வரலாற்றெழுத்தாளர் ஜொவான்னி செர்காம்பியின் நாளாகமத்தில் (ஆண்டுவாரி வரலாற்றுக் குறிப்பில்) மரம் சூடிய கோபுரம் ஒன்றின் ஓவியம் இருப்பதால் வழக்கம் பழையது என்பது உறுதி. ஆனால் அது இதே கோபுரம்தான் என்றோ, இன்றுள்ள மரங்கள் அக்காலத்தவை என்றோ முடிவு கட்டுவது அவசரம். வழிகாட்டிகள் சொல்லும் கதைகளையும் இதே எச்சரிக்கையோடு கேட்பது நல்லது.

இறங்கியபின் அக்குடும்பத்து ஆட்களின் வரலாற்றைத் தேடுங்கள். 1400 முதல் 1430 வரை லுக்காவை ஆண்ட பாவ்லோ குயினீஜி பதவி பறிக்கப்பட்டு, 1432இல் பாவியா நகரச் சிறையில் இறந்தார். பறிமுதலான அவருடைய உடைமைகளின் பட்டியல், அக்குடும்பத்தின் செல்வத்தை அறியச் சுவரைவிடத் தெளிவான சான்று. அவருடைய மனைவியருள் ஒருவரான இலாரியா 1405இல் இறந்தார்; யாக்கொப்போ தெல்லா குவெர்ச்சா செதுக்கிய அவருடைய நினைவுச் சிற்பம், காலடியில் ஒரு நாயுடன், அந்நகரப் பேராலயத்தில் உள்ளது.

குறிப்பெடுக்கையில் ஒரு குழப்பத்தைத் தவிருங்கள். பாவ்லோ 1413இல் அன்றைய நகர மதிலுக்கு வெளியே கட்டத் தொடங்கிய வில்லா குயினீஜி வேறு கட்டடம். அது இப்போது தேசிய அருங்காட்சியகமாக உள்ளது. பெயர் ஒற்றுமையால் அதன் ஆண்டுகளைக் கோபுரத்தின்மீது ஏற்றிவிட வாய்ப்பு மிகுதி.