எஃப்பிஎஸ் 90 காட்டுது, ஆனாலும் கேம் திக்குது: எங்கிருந்து தேடுவது?

திரை மூலையில் 90 எஃப்பிஎஸ் என்று எண் நிற்கிறது, அதாவது நொடிக்கு 90 ஃபிரேம், 90 படம். ஆனால் காரை வளைவில் திருப்பும்போது படம் ஒரு கணம் பிடித்து நின்றுவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து குதிக்கிறது. இதற்குக் கிடைக்கும் வைத்தியமெல்லாம் ஒரே ரகம்: ரெஜிஸ்ட்ரியில் எதையாவது மாற்று, கேம் பூஸ்டர் போடு, விண்டோஸை ஃபார்மட் பண்ணு. எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமலே மருந்து கொடுத்தால் காய்ச்சல் எப்படி இறங்கும்?

முதலில் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஒரு நொடியில் 89 ஃபிரேம்கள் தலா 10 மில்லிசெகண்டில் வருகின்றன. மிச்சம் ஒரே ஒரு ஃபிரேம் 110 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. கூட்டிப் பாருங்கள், சரியாக ஒரு நொடி, 90 ஃபிரேம். எண் 90 என்றுதான் காட்டும், கண்ணுக்கோ அந்த ஒரு ஃபிரேம் முள்ளாகக் குத்தும். ஒரு மணி நேரத்தில் ஆறு 29சி பஸ் வருகிறது என்று கணக்குச் சொல்லலாம். ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்விட்டால் ஸ்டாப்பில் நிற்பவருக்கு அந்தக் கணக்கால் என்ன லாபம்? பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, ஃபிரேம்களுக்கு இடையிலான நேரத்தை. அதாவது ஃபிரேம் டைம்.

இன்னொன்றையும் இப்போதே பிரித்துவிடலாம். உங்கள் கேமரா வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, எதிரிகள் மட்டும் தாவித் தாவி நகர்கிறார்கள் என்றால் அது நெட் பிரச்சினை. வேலரண்ட் போன்ற கேமில் மும்பை சர்வரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுங்கள். ஆஃப்லைன் கேமிலும் திக்கினால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

முதல் வேலை: ஃபிரேம் டைம் கிராஃபைத் திரையில் கொண்டுவருவது

இந்த எண்களைத் திரையில் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை எம்எஸ்ஐ-யின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இதன் பெயரில் வைரஸ் வைத்த போலித் தளங்கள் வந்திருக்கின்றன. கூடவே ரிவாடியூனரும் வரும், அதையும் நிறுவுங்கள். எந்த பிராண்ட் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். செட்டிங்ஸில் மானிட்டரிங் பக்கத்துக்குப் போய் இவற்றுக்கு டிக் போடுங்கள்: ஃபிரேம் டைம், 1 சதவீத லோ (மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்), கிராபிக்ஸ் கார்டின் வெப்பம், பயன்பாடு, மெமரி, க்ளாக் (சிப் ஓடும் வேகம்), ப்ராசஸரின் வெப்பம், ஒவ்வொரு கோரின் பயன்பாடு, க்ளாக், ராம் பயன்பாடு. ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, திரையில் காட்டு என்ற கட்டத்திலும் டிக் வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள். ஃபிரேம் டைமுக்கு மட்டும் எழுத்துக்குப் பதில் கிராஃப் என்று மாற்றுங்கள்.

இனி ஒரே கேம், ஒரே இடம், ஒரே பாதை. குறைந்தது 30 நிமிடம் ஆடுங்கள். ஐந்து நிமிடத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் நல்ல பிள்ளைதான். கோடு ஓரளவு தட்டையாக ஓடினால் நலம். நடுநடுவே ஈட்டி மாதிரி எழும்பினால், எப்போது எழும்புகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். பிறகு மறுபடி அதே பாதை.

இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் திக்கினால்: சூடு

சென்னையில் முதல் சந்தேகம் எப்போதும் இதன்மேல்தான். அறையின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் ப்ராசஸரிலும் ஏறும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 82 டிகிரியில் ஓடும் ப்ராசஸர், கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் 36 டிகிரி அறையில் 94-ஐத் தொடும். ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 90, ரைசன் 7000-இல் பெரும்பாலும் 95, அண்மைக்கால இன்டெல் டெஸ்க்டாப் சிப்களில் பெரும்பாலும் 100. எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும், கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஏற்றும். க்ளாக் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குவது இதனால்தான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சென்சார் பட்டியலைத் திறந்தால் தெர்மல் த்ராட்லிங் என்ற வரி இருக்கும். அங்கே ‘யெஸ்’ என்று வந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை உள்பக்கம் பார்த்து வையுங்கள். அதே 30 நிமிடம் ஆடுங்கள். வெப்பம் 8, 10 டிகிரி இறங்கித் திக்கலும் நின்றால் காற்றோட்டம்தான் கோளாறு. நிரந்தரமாக இப்படியே விட்டுவிடாதீர்கள்; ஒரு மாதத்தில் உள்ளே தூசி மெத்தை போட்டுவிடும்.

சுத்தம் செய்வதில் ஒரு நுணுக்கம். ப்ராசஸர் கூலரை வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகளில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான் என்று தோன்றும். ஃபேனை அதன் கம்பிக் கிளிப்பிலிருந்து விடுவித்துத் தூக்கிப் பாருங்கள். இறக்கைக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் ஒட்டிக்கிடக்கும். விரலால் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வரும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் இது இன்னும் உள்ளே அமுங்குமே தவிர வெளியே வராது. பவரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திய பிறகே கை வையுங்கள். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் சுழலாதபடி ஒரு விரலால் தடுத்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ப்ளோயர் மட்டும் போதாது. உப்பு ஈரத்தோடு சேர்ந்த தூசி பசை மாதிரி ஒட்டும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் வேண்டும்.

மூன்று, நான்கு வருடமாகக் கூலரைக் கழற்றவே இல்லையென்றால் ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ரைசனில் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். பத்து நிமிடம் கேம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்கிவிட்டு, அணைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். இல்லையென்றால் ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து பின்கள் வளையும். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். இன்டெல்லின் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளும் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்று தளர்ந்திருந்தாலே நிமிடத்துக்குள் வெப்பம் எல்லைக்குப் போய்விடும்.

கிராபிக்ஸ் கார்டில் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பமும் சாதாரண வெப்பமும் 25 டிகிரிக்கு மேல் விலகியிருந்தால் பேஸ்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதுவரை ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 85 சதவீதமாக இறக்கி வையுங்கள். இழப்பது சில எஃப்பிஎஸ்தான், வெப்பம் நன்றாகவே இறங்கும்.

ப்ராசஸர் 70 டிகிரிதான், ஆனாலும் க்ளாக் சரிகிறதா? மதர்போர்டைப் பாருங்கள். ஹீட்சிங்க் இல்லாத விலை குறைந்த எச்610 போர்டில் இன்டெல் ஐ7 ப்ராசஸர் போட்டால், ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி கொதித்துப்போய் வேகத்தைக் கட்டிப்போடும். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) பவர் லிமிட்டை 65 வாட்டுக்குக் குறைப்பதுதான் அங்கே கைமருந்து.

ஆரம்பத்திலிருந்தே மந்தமாக இருந்தால்: ராம்

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். வலப்பக்கம் கீழே இரண்டு வரிகள்: வேகம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது. 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவே இரண்டு வழிச் சாலையில் ஒரு வழி அடைத்த மாதிரி. சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட 1 சதவீத லோ அதிகமாக விழும். கண்ணில் படும் திக்கல் அதுதான். தனி கார்டு இல்லாமல் ரைசனின் உள்ளமைந்த கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிது.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், இரண்டு குச்சி இருந்தும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தால் பெரும்பாலும் பலன் இல்லை. அங்கே ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் என்பதுதான் வழக்கம். செருகும்போது பயப்படாமல் அழுத்துங்கள். கிளிப் தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

அடுத்து வேகம். 3200 என்று எழுதி விற்ற டிடிஆர்4 ராம் பல, நீங்கள் சொல்லும்வரை 2133, 2400 அல்லது 2666-இல்தான் ஓடும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யுங்கள். புதிய ஏஎம்டி போர்டுகளில் அதன் பெயர் எக்ஸ்போ. ஆன் செய்தபின் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ராமை நம்ப வேண்டாம்.

சென்னை ரிச்சி தெருவில் இரண்டாவது குச்சி வாங்கப் போகிறவர்கள், பழைய குச்சியின் லேபிளைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். “எட்டு ஜிபி டிடிஆர்4 குடுங்கண்ணா” என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைத்தான் கொடுப்பார்கள். வேகம் வேறுபட்டால் இரண்டுமே குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

இதே வகையில் சொல்லக் கூச்சமான காரணங்கள் சில. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் செருகியிருப்பது. நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60-இலேயே கிடப்பது. கார்டை மேல் ஸ்லாட்டில் போடாமல் கீழே போட்டிருப்பது. மூன்றையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

புது இடத்துக்குள் போகும்போது மட்டும் திக்கினால்

ஒரு தடவை திக்கி, அதே இடத்துக்கு மறுமுறை போகும்போது திக்கவில்லையென்றால் அது ஷேடர் (காட்சியை வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல்) தயாராகும் நேரம். புதிய கேம்கள் தொடக்கத்தில் ஷேடர் கம்பைல் செய்வதாகச் சொல்லிக் காத்திருக்க வைக்கும். அதைத் தாண்டிப் போகாமல் முடியவிடுங்கள். டிரைவர் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்துதான். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபி ஆக்கி வைப்பது நல்லது. இந்தத் திக்கலில் ஒரு பகுதி கேம் எழுதியவர்களின் குற்றம், உங்கள் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

ஒவ்வொரு தடவையும் திக்கினால் கார்டின் மெமரியைப் பாருங்கள். 6 ஜிபி கார்டில் 5.8 என்று முட்டிக்கொண்டு நிற்கிறதா? டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்குங்கள். நிழல், புல் எதைக் குறைத்தாலும் இங்கே பெரிய பயன் இருக்காது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை அடி: மெமரி பெரும்பாலும் 4 ஜிபி, மதர்போர்டோடு பேசும் பாதையும் நான்கே லேன். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் அந்தப் பாதை பாதியாகச் சுருங்கும், மெமரி வழிந்ததும் படம் நின்று நின்றுதான் வரும்.

கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஸ்டீமில் ஸ்டோரேஜ் பக்கத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறம் தெரிந்தால் கேமை மறந்துவிட்டு முதலில் குடும்பப் படங்களைக் காப்பி எடுங்கள்.

கடிகாரம் மாதிரி சீராகத் திக்கினால்

இரண்டு விநாடிக்கு ஒரு முறை, நிமிடத்துக்கு ஒரு முறை என்று ஒழுங்காக வந்தால் பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள் எட்டிப் பார்க்கிறது. விளக்கு எரிய வைக்கும் ஆர்ஜிபி மென்பொருள்தான் என் முதல் சந்தேகம். ஒரே சென்சாரை இரண்டு மூன்று மென்பொருள்கள் ஒரே நேரத்தில் படிப்பதும் இதைச் செய்யும், நாம் சோதனைக்காகத் திறந்த எச்டபிள்யூஇன்ஃபோ உட்பட.

விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, சர்வீசஸில் முதலில் மைக்ரோசாஃப்ட்டினதை மறைக்கும் டிக், பிறகு மிச்சத்தை அணையுங்கள். வேலரண்ட் ஆடுபவர்கள் அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்டை மட்டும் விட்டுவையுங்கள், இல்லையென்றால் கேமே திறக்காது. ரீஸ்டார்ட். திக்கல் போய்விட்டதா? பாதியை மட்டும் ஆன் செய்து பாருங்கள், பிறகு அதில் பாதி. நாலைந்து சுற்றில் ஆள் சிக்கிவிடும்.

ரைசன் கம்ப்யூட்டரில் எப்போதாவது ஒரு முறை, சத்தமும் சேர்ந்து இழுத்துவிட்டுப் போகிறதா? எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சத்தின் கோளாறாக இருக்கலாம். 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்ட பிரச்சினை இது, ஏஜிசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) 1.2.0.7 உள்ள பயாஸில் தீர்வு வந்தது. பயாஸ் புதுப்பிக்கும்போது கரன்ட் போகக்கூடாது. யுபிஎஸ் இல்லாத வீட்டில், மழை தூறும் மாலையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் மாற்றணும் என்று கடையில் சொன்னால்

கொஞ்சம் யோசியுங்கள். எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரன்ட் கொடுக்கும் பெட்டி, திணறினால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பட்டென்று அணையும், இல்லை ரீஸ்டார்ட் ஆகும். தண்ணி மோட்டார் ஓடத் தொடங்கும்போது அணைகிறதென்றால் சரி, அங்கே தேடலாம். திக்கல் மட்டும் இருந்தால் பணத்தை வேறு எங்காவது செலவழியுங்கள்.

எல்லாம் சரி, கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்கிறது, ப்ராசஸரின் ஒரு கோர் மட்டும் 95-இல் நிற்கிறதென்றால் ப்ராசஸருக்கு மூச்சு வாங்குகிறது. எஃப்பிஎஸ்ஸைக் கட்டிப்போடுவதுதான் உடனடி வழி. 75-க்கும் 110-க்கும் நடுவே ஊசலாடும் கேமில் ரிவாடியூனரின் ஃபிரேம்ரேட் லிமிட் கட்டத்தில் 72 என்று எழுதுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அது சரி பாதி, ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு துடிப்புக்கு நின்று ஒழுங்காக மாறும். ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் உள்ள, அதாவது கேமின் வேகத்துக்கு ஏற்பத் தன் துடிப்பை மாற்றிக்கொள்ளும் மானிட்டரில் இந்தப் பாதிக் கணக்கு தேவையில்லை. கேம் எப்போதும் தொடக்கூடிய எண் எதுவோ, அதையே எழுதலாம். வேகமான கேம்களில், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மேல் வரம்பு மட்டும் 141-ஐத் தாண்ட வேண்டாம்.