துபாய் வங்கிக் கணக்குக்கு மதுரையிலேயே செய்ய வேண்டிய வேலைகள்

துபாயில் கணக்கு திறக்கிற வேலையில் பாதி, விமானம் ஏறும் முன்னால் மதுரையிலேயே முடிந்திருக்க வேண்டும். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனி ஆபீசில், புதிதாக வரும் ஆட்களை வங்கிக்குக் கூட்டிப்போவதும் என் வேலைகளில் ஒன்று. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஆட்களுக்குச் சிக்கல் வந்தால் பெரும்பாலும் பெயரில்தான் வரும்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் ‘பாண்டி’ மட்டும், சர்நேம் கட்டம் காலி. பான் கார்டில் ‘முத்தையா பாண்டி’. பாஸ்புக்கில் ‘எம். பாண்டி’. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊர் மேனேஜருக்குத் தெரியும். துபாய்க் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அமீரகம் அறிவித்தபோது நம் பக்கத்தில் எத்தனை பேர் பதறினார்கள்! அதனால் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுங்கள். பழைய பாஸ்போர்ட் என்றால், வேலை தேடத் தொடங்கும்போதே ரேஸ்கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் ஆபீசில் திருத்தி வாங்குங்கள். விசா வந்த பிறகு அதில் கை வைக்க வேண்டாம். பாஸ்போர்ட் சரியான பிறகு பான், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் அதன்படி மாற்றுங்கள்.

அடுத்தது கையெழுத்து. தமிழில் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் பாஸ்போர்ட்டில் எப்படியோ அச்சு அசலாக அப்படியே. வங்கிக்குப் போகும் வண்டியிலேயே ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் நாலைந்து தடவை போடச் சொல்வேன். ‘பாண்டி’யில் ‘ண்’ணுக்கு ஒரு தடவை மூன்று சுழி வரும், அவசரத்தில் அடுத்த தடவை இரண்டாகிவிடும். கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, அவர் படம் பார்க்கிற மாதிரிதான் ஒப்பிடுவார். சுழி குறைந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும்.

ஊர்க் கணக்குக்கு வருவோம். வேலைக்கென்று வெளிநாடு போய்விட்டால், சட்டப்படி நீங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி அதை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். சம்பளப் பணம் வந்து சேர என்.ஆர்.இ. என்று தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். ஊரில் வரும் வீட்டு வாடகை, குத்தகைப் பணம் என்.ஆர்.ஓ.வில் விழட்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது; என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். ‘அம்மா கணக்குக்கே அனுப்பிக்கிறேண்ணே’ என்பார்கள். வீட்டுச் செலவுக்கு அது போதும். சேமிக்கிற பணம் உங்கள் பெயரில் இருப்பதுதான் நல்லது. தங்கச்சி கல்யாணம் முடிந்த பிறகு கணக்குக் கேட்டுச் சண்டை போட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஊர் சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

துபாய் இறங்கியதும் வங்கிக்கு ஓட வேண்டாம். மெடிக்கல், கைரேகை முடிந்து எமிரேட்ஸ் ஐடி என்கிற அந்நாட்டு அடையாள அட்டை வரட்டும். 784 என்று தொடங்கும் 15 இலக்க எண் அதில் இருக்கும். அங்கே எல்லாவற்றுக்கும் அதுதான் பிடி. அதோடு பாஸ்போர்ட், விசா, கம்பெனியின் சம்பளச் சான்றிதழ். விலாசம் கேட்டால் கம்பெனியின் தபால் பெட்டி எண்ணைக் கொடுங்கள், அங்கே வீட்டுக்குத் தபால் வரும் வழக்கமில்லை.

சம்பளம் குறைவாக இருந்தால் வங்கிக் கணக்குக்குப் பதிலாக கம்பெனியே சம்பளக் கார்டு கொடுத்துவிடும். அது குறைச்சல் ஒன்றும் இல்லை. 2009-இல் வந்த சம்பளப் பாதுகாப்பு முறைப்படி, அந்தப் பணமும் பதிவாகித்தான் வரும். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்கிற முதலாளியிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

கணக்கு திறக்கும்போது குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று வாய் திறந்து கேளுங்கள். பல வங்கிகளில் 3,000 திர்ஹம் என்பது ரொம்ப நாள் வழக்கம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை கண்டுகொள்ள மாட்டார்கள், வேலை போனதும் மாதாமாதம் கட்டணம் பிடிப்பார்கள். ஏ.இ. என்று தொடங்கும் 23 எழுத்து ஐபான் எண்ணை, அதாவது வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கும் உதவும் முழுக் கணக்கு எண்ணை, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் என்று அதே மேசையில் இன்னொரு பாரத்தையும் நீட்டுவார்கள். முதல் வருஷம் வேண்டாம்.

ஊருக்குப் பணம் அனுப்ப எக்ஸ்சேஞ்ச் என்கிற பணமாற்றுக் கடைக்குப் போனால் ரேட்டையும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ‘கட்டணமே இல்லை’ என்கிற இடத்தில் ரேட் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஊர் வங்கிக் கிளையின் குறியீடான ஐ.எப்.எஸ்.சி. 11 எழுத்து, ஐந்தாவது இடத்தில் பூஜ்யம். அதை ‘ஓ’ என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பணம் சேரவில்லை என்று துபாயின் தேரா பகுதியில் அலைகிறவர்கள் உண்டு.

வேலையை விட்டு வரும்போது கணக்கை முறையாக மூடி, பாக்கி ஏதும் இல்லை என்று வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் கம்பெனி போடுகிற கடைசித் தொகையை வங்கி பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஊரோடு வந்துவிட்டால் என்.ஆர்.இ.யையும் அப்படியே ஓட விடக் கூடாது. வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்றுங்கள். போகும்போது பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள், வந்திறங்கிய முத்திரை உள்ள பக்கத்துக்கு ஜெராக்ஸ் கேட்பார்கள்.