பளிங்கு மேற்பரப்பைக் குடைத்துணியில் காட்டலாம்

கறுப்புக் குடைத்துணியை இழுத்துப் பிடித்து, சிவப்பு லேசர் ரோச்சை அதனூடாக 3 மீற்றர் தள்ளியுள்ள சுவரில் அடியுங்கள். புள்ளிகள் கட்டங்கட்டமாக விழும். கிளிநொச்சி, முல்லைத்தீவு உயர்தர வகுப்புகளில் தாழ்சக்தி இலத்திரன் கோணலை, அதாவது குறைந்த சக்தியுள்ள இலத்திரன்கள் பளிங்கின் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட திண்மத்தின்) மேற்பரப்பில் பட்டுத் திரும்பிப் புள்ளிக்கோலம் தருவதை, விளக்க இதுவே போதும், வெற்றிட அறை தேவையில்லை.

துணியின் நூல்கள் பளிங்கு மேற்பரப்பின் அணுவரிசை போல நிற்கின்றன. நூலிடைவெளி 0.1 மில்லிமீற்றர், அலைநீளம் 650 நனோமீற்றர் எனில் புள்ளியிடைவெளி ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். பச்சை லேசருக்கு (532 நனோமீற்றர்) மாற்றினால் புள்ளிகள் நடுவை நோக்கி நெருங்கும். இலத்திரன் சக்தியைக் கூட்டும்போதும் அலைநீளம் குறைந்து அப்படித்தான் நடக்கும். 150 இலத்திரன்வோல்ற்று சக்தியில் இலத்திரனின் அலைநீளம் சுமார் 0.1 நனோமீற்றர், அணுவிடைவெளியின் அளவு. துணியைச் சரித்தும் பாருங்கள், அந்தத் திசையில் புள்ளிகள் விலகும்!

வெள்ளிப்பூச்சுக் குடை, தடித்த சாரத்துணி சரிவராது. புள்ளிகளின் பிரகாசத்தை ஒப்பிடவும் கூடாது. ஏனெனில் இலத்திரன்கள் பளிங்கில் பலமுறை சிதறுவதை ஒளி காட்டாது. லேசரைக் கண்ணில் படவிடாதீர்கள்.