பத்தில் 90, பதினொன்றில் 30: கணக்குப் பாடத்தில் சறுக்கும் இடங்கள்

பத்தாம் வகுப்புக் கணக்கில் 90 வாங்கிய பிள்ளை, ப்ளஸ் ஒன் காலாண்டில் 30-ஐத் தாண்டத் திணறுவதைத் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் நிறையவே பார்க்கலாம். "பிள்ளை படிக்கவில்லை" என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே தொடங்கியிருக்கும்.

முதல் தவறு, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மொத்தமாகப் பார்ப்பது. அந்த 100 எப்படி வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்: ஒரு மார்க் வினா 14, இரண்டு மார்க் வினா 10, ஐந்து மார்க் வினா 10, செய்முறை வடிவியலுக்கு 8 மார்க், வரைபடத்துக்கு 8 மார்க். கடைசி 16 மார்க் கவராயமும் ஸ்கேலும் கைப்பழக்கமும் இருந்தால் வந்துவிடும். ப்ளஸ் ஒன்னில் அந்த இரண்டு வினாக்களும் கிடையாது. இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் 14 கேட்டு 10 எழுதச் சொல்வதால், கட்டாய வினா தவிர இயற்கணிதத்தை லாவகமாக ஒதுக்கிவிட்டும் நல்ல மார்க் எடுக்கலாம். ஆனால் ப்ளஸ் ஒன் முழுக்க நிற்பதே அந்த இயற்கணிதத்தின் மேல்தான்.

எனவே மொத்தத்தை விட்டுவிட்டு நான்கு விஷயங்களைச் சோதியுங்கள்: காரணிப்படுத்தல், இயற்கணிதப் பின்னங்கள், வர்க்கப் பூர்த்தி, நேர்க்கோட்டின் சமன்பாடு. (3 + 6)/3 என்பதில் மேலும் கீழும் 3-ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதும் கை இன்னும் இருக்கிறதா? √(9 + 16) = 3 + 4 என்று எழுதுகிறதா? இருந்தால், கோடை விடுமுறையில் மூன்று வாரம், தினம் பத்துக் கணக்கு இவற்றிலிருந்தே போடவைக்க வேண்டும். அந்த விடுமுறையில் ப்ளஸ் ஒன் டியூஷனை முன்கூட்டியே தொடங்குவதைவிட இது பலன் தரும்.

ப்ளஸ் ஒன்னில் குரூப்பை (பாடப்பிரிவை) தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வணிகக் கணிதமும் கணிதமும் வேறுவேறு பாடங்கள். ஒன்று மற்றதன் எளிய பதிப்பு அல்ல. பொறியியல் கலந்தாய்வுக் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. எனவே பொறியியல்தான் குறி என்றால் கணிதத்தில் தள்ளாடிக்கொண்டு மற்ற இரண்டை வைத்து ஈடுகட்ட முடியாது.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரியது: ப்ளஸ் ஒன்னை ஓய்வு ஆண்டாக நினைப்பது. பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு நேரே ப்ளஸ் டூவுக்குத் தாவியதால்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை நீக்கும் அறிவிப்பும் வந்தது. தேர்வு போனாலும் பாடத்தின் தேவை போகவில்லை.

ப்ளஸ் ஒன் கணிதப் புத்தகம் இரண்டு தொகுதி, பன்னிரண்டு அத்தியாயம். எல்லைகள், வகையிடல், தொகையிடல் என்ற நுண்கணிதப் பாடங்கள் மூன்றும் 9, 10, 11-ஆம் அத்தியாயங்களில், அதாவது இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாக நடத்தப்படுவதும், முழுதாகவே விடுபடுவதும் இவைதான்.

இதன் சேதம் உடனே தெரியாது. ப்ளஸ் டூ முதல் தொகுதியில் அணிகள், கலப்பு எண்கள், சமன்பாட்டியல், நேர்மாறு முக்கோணவியல், கூம்பு வளைவுகள், வெக்டர் ஆகியவையே அதிகம்; நுண்கணிதம் தெரியாமலே பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். காலாண்டில் நல்ல மார்க்கும் வரும். இரண்டாம் தொகுதியைத் திறந்தால் ஆறு அத்தியாயத்தில் ஐந்து நுண்கணிதத்தைக் கேட்கும். நிகழ்தகவுப் பரவல்கூட, இடைவிடாத மதிப்புகளை எடுக்கும் 'தொடர் மாறி' வந்ததும் தொகையிடலைக் கேட்கும். தனிநிலைக் கணிதம் மட்டுமே தப்பும். தொகையிடும் முறைகளை அந்தப் புத்தகம் அ, ஆ-விலிருந்து மறுபடி சொல்லித்தராது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1/(எக்ஸ்² + 4எக்ஸ் + 13) என்பதைத் தொகையிட வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் இதில் எதைப் பொருத்துவது என்று விழிப்பார். பகுதியை (எக்ஸ் + 2)² + 3² என்று மாற்றினால் நேர்மாறு டேன்ஜென்ட் வடிவம் கண்ணில் பட்டுவிடும். விடைக்கு முன்னால் 1/3 வரும். அந்த மாற்றம் பத்தாம் வகுப்பின் வர்க்கப் பூர்த்தியே. சூத்திரம் ப்ளஸ் ஒன், பயன்பாடு ப்ளஸ் டூ. மூன்று ஆண்டும் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. எந்த ஆண்டு ஓட்டையோ அங்கே கணக்கு நின்றுபோகும்.

முக்கோணவியலில் வேறு விதமான வழுக்கல். பத்தில் கோணம் பாகையில், செங்கோண முக்கோணத்துக்குள். ப்ளஸ் ஒன்னில் ரேடியன் வருகிறது. அதை வெறும் அலகு மாற்றம் என்று கடந்துவிடுகிறார்கள். சைனை வகையிட்டால் கொசைன் என்பது கோணம் ரேடியனில் இருந்தால் மட்டுமே சரி. பாகையில் இருந்தால் π/180 என்ற பெருக்கி கூடவே ஒட்டிக்கொள்ளும். அடுத்த பழைய பாவம், சைனைக் கூட்டலுக்குள் பிரித்து எழுதுவது: சைன்(30° + 60°) = 1; சைன் 30° + சைன் 60° போட்டால் சுமார் 1.366. இந்த ஒரு எண்ணைப் போட்டுக் காட்டினால் போதும், பிள்ளை அந்தத் தவறை மறுபடி செய்யாது.

தமிழ் வழியிலிருந்து ப்ளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறுபவர்களுக்குக் கணக்கு தெரிந்தும் வினா புரியாமல் போகும். சார்பு என்றால் ஃபங்ஷன், வகையிடல் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல் இன்டக்ரேஷன், அணிக்கோவை டிட்டர்மினன்ட் என்று ஒரு நோட்டின் பின்பக்கத்தில் அத்தியாயவாரியாக எழுதிவரச் சொல்லுங்கள். ஓர் அத்தியாயத்துக்குப் பத்துப் பதினைந்து சொல்லுக்கு மேல் தேறாது.