பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒளித்தது என் தவறு

முதல் வண்டி திருடுபோனபோதும் அதில் ஜிபிஎஸ் கருவி இருந்தது. இருந்தும் பயனில்லை. பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒளித்திருந்தேன். மேலே இரும்புத் தகடு மறைத்தால் செயற்கைக்கோள் சிக்னல் எப்படிக் கிடைக்கும்? போதாக்குறைக்கு, மின் இணைப்பும் சாவி வழியே போயிருந்தது. சாவியை எடுத்ததும் கருவி அணைந்துவிடும். திருடன் வண்டியை உருட்டிக்கொண்டே போய்விட்டான்.

அடுத்த வண்டியில் மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் மாற்றினேன். முன்விளக்குக்குப் பின்னால், பிளாஸ்டிக் மூடிக்குள், ஆன்டெனா வானத்தைப் பார்க்கும்படி கருவி. மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து, நடுவில் சிறு ஃபியூஸ். ஒயரை அறுத்தாலும் சில மணி நேரம் தாங்கும் உள்பேட்டரி உள்ள கருவியாகப் பார்த்து வாங்கினேன். வண்டி இருக்கும் இடத்தைக் கைப்பேசிக்கு அனுப்புவது அதிலுள்ள சிம் கார்டு வழியாகத்தான்; அதற்கு ரீசார்ஜ் தவறவே கூடாது. தவறினால் மற்றதெல்லாம் வீண்.

ஐப்பசி மழை இரவில், 2.40 மணிக்குக் கைப்பேசி அலறியது. வரைபடத்தில் புள்ளி நடக்கும் வேகத்தில் நகர்ந்தது. மறுபடியும் உருட்டுகிறார்கள்! துரத்திப் போகக் கால் துடித்தது; மனைவி தடுத்தாள். அவள் செய்ததுதான் சரி. 112-ஐ அழைத்தேன். வந்த காவலரிடம் கைப்பேசியையே கொடுத்துவிட்டேன். தகரக் கூரைகளுக்கு நடுவே புள்ளி அங்குமிங்கும் தாவியதால் இரண்டு சந்துகளைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். தார்ப்பாய்க்கு அடியில், ஹேண்டில் பூட்டு உடைந்து, என் வண்டி. பக்கத்திலேயே இருவர் பிடிபட்டார்கள்.

ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, நீதிமன்றம் வழியாக வண்டியை மீட்டு வந்தேன்.