டர்பனுக்கு குழந்தையோட வர்றவங்களுக்கு: ஹெபடைடிஸ் ஏ ஊசி போட்டாச்சா?

வீடு, ஸ்கூல், லைசன்ஸ் எல்லாம் ஆபீஸ்ல யாராவது சொல்லிக்குடுத்துருவாங்க. யாரும் பெருசா பேசாத ஒன்னு, பிள்ளைங்களுக்கு ஹெபடைடிஸ் ஏ ஊசி. கல்லீரலத் தாக்கி மஞ்சக்காமாலை வர வைக்கிற வைரஸ் அது. சவுத் ஆப்பிரிக்கா கவர்மெண்ட் தடுப்பூசி அட்டவணையில இது இல்ல. கிளினிக்ல ஃப்ரீயா போடுறது எல்லாம் முடிச்சிருந்தாலும் இத நீங்களா கேட்டு, காசு குடுத்துதான் போடணும்.

முதல்ல ஊர்ல இருந்து கொண்டு வந்த ஊசி கார்டை எடுத்துப் பாருங்க. ஹெபடைடிஸ்னு ஒன்னு இருக்கும், அதப் பாத்துட்டு போட்டாச்சுன்னு நெறைய பேர் விட்டுர்றாங்க, ஆனா அது பி. அது ரத்தம் வழியா, பிரசவத்துல தாய்கிட்டருந்து குழந்தைக்கு வர்ற வேற வைரஸ். ஏ-ங்கறது தண்ணி, சாப்பாடு, கழுவாத கை வழியா வர்றது. நம்மூர்லயும் கவர்மெண்ட் ஊசில இது கிடையாது, பிரைவேட் குழந்தை டாக்டர்கிட்ட போனவங்களுக்கு ஒரு வயசுக்கு மேல போட்டிருப்பாங்க. அதுல ரெண்டு வகை, ஒரே டோஸ்ல முடியறது ஒன்னு, ஆறு மாசம் இடைவெளி விட்டு ரெண்டு டோஸ் போடுறது இன்னொன்னு. ரெண்டாவது பாக்கி இருந்தா இங்க முடிச்சுக்கலாம், முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டாம். கிளிக்ஸ், டிஸ்கெம் மாதிரி பார்மசி கிளினிக்ல, இல்லன்னா உங்க ஜிபி, அதாவது குடும்ப டாக்டர்கிட்ட கேளுங்க, போறதுக்கு முன்னாடி ஸ்டாக் இருக்கான்னு போன் பண்ணிக்கோங்க. மெடிக்கல் எய்ட், அதாவது இங்க உள்ள மருத்துவ இன்சூரன்ஸ், குடுக்குமான்னு பிளானுக்கு பிளான் மாறும்.

இங்க பைப்புல தண்ணி நல்லாத்தானே வருதுன்னு தோணும். வரும்போது நல்லாத்தான் வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்துல டர்பன் பக்கம் தண்ணி லைனும் சாக்கடை லைனும் சேர்ந்து உடைஞ்சு, டர்பனுக்கு வடக்க இருக்கற டொங்காட்ல மாசக்கணக்கா டேங்கர் தண்ணிதான். தண்ணி கட் ஆகி டேங்கர்ல புடிச்சா நல்லா கொதிக்க வச்சு குடுங்க. இன்னொன்னு, சானிடைசர இந்த வைரஸுக்கு நம்ப முடியாது, சோப்பும் தண்ணியும்தான், முக்கியமா டயப்பர் மாத்தின கைக்கு.

ஆறு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள்ல பத்துக்கு ஏழு பேருக்கு எந்த அறிகுறியும் வராது, ஆனா கிரெஷ்ல மத்தவங்களுக்குப் பரப்பும். கண்ணு மஞ்சளாகறதுக்கு ஒரு வாரம் ரெண்டு வாரம் முன்னாடியே மலத்துல வைரஸ் வெளிய வர ஆரம்பிச்சிரும். கிருமி உள்ள போய் நோய் தெரிய 15 நாள்லருந்து 50 நாள் வரைக்கும் ஆகும், அதனால டிசம்பர் லீவுல ஊருக்குப் போய் ஒட்டிக்கிட்டது ஜனவரில ஸ்கூல் தொறந்தப்புறம்தான் வெளிய வரும்.

பெரும்பாலும் தானா சரியாயிடும், நாள்பட்ட நோயா தங்காது. ஆனா நூத்துல ஒருத்தருக்கும் கம்மியா, கல்லீரல் திடீர்னு வேலைய நிறுத்திரும், இதுக்குத்தான் பயப்படணும். இதுக்குன்னு வைரஸ கொல்ற மருந்து கிடையாது. கண்ணு எவ்வளவு மஞ்சள்ங்கறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, பிள்ளை எப்படி இருக்கான்னு பாருங்க. பகல்லாம் தூங்கி ராத்திரி முழிச்சிருக்கறது, காரணமில்லாம எரிஞ்சு விழறது, பேச்சு குழறது, வாந்தி நிக்காம போறது, மூக்குல ஈறுல ரத்தம், வயிறு வீங்கறது, இதுல ஒன்னு தெரிஞ்சாலும் காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, அப்பவே எமர்ஜென்சி. ஆம்புலன்ஸுக்கு 10177, செல்லுல 112. ரத்தம் உறையறத காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் எடுத்தாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மஞ்சள் அளவைக் காட்டுற பிலிருபின் நம்பரை விட கல்லீரல் எப்படி வேலை செய்யுதுன்னு அதுதான் சொல்லும். குழந்தைக்கு கல்லீரல் மாற்று பண்றது ஜோபர்க்ல விட்ஸ் டொனால்ட் கார்டன், கேப்டவுன்ல ரெட் கிராஸ் குழந்தைங்க ஆஸ்பத்திரி மாதிரி சில இடத்துலதான், டர்பன்லருந்து ஜோபர்க்கே ஐநூறு கிலோமீட்டருக்கு மேல, அதனால முன்னாடியே டாக்டர் கண்ணுல பட்டிருந்தாதான் சரியான நேரத்துல அங்க அனுப்ப முடியும்.

கீழாநெல்லி பத்தி போன்ல பாட்டி கண்டிப்பா சொல்லுவாங்க. தானா சரியாகற நோய்ங்கறதால அதுக்குப் பேரு கெடைச்சிருச்சுன்னுதான் நான் நெனைக்கிறேன். எண்ணெய் கொறைச்சு ரசஞ்சாதம் குடுங்க, தப்பில்ல, ஆனா பட்டினி பத்தியம் வேண்டாம், நாட்டு மருந்தும் வேண்டாம். காய்ச்சலுக்கு இங்க பனடோன்னு ஒன்னு எல்லார் வீட்லயும் இருக்கும், நம்மூர் குரோசின் தான் அது, பாராசிட்டமால். மஞ்சக்காமாலைல அத இஷ்டத்துக்கு குடுத்தா கல்லீரல் மேல இன்னொரு அடி, டாக்டர கேட்டு மட்டும் குடுங்க.

அர்ஜென்டினால 2005ல ஒரு வயசு குழந்தைங்களுக்கு ஒரே டோஸ் கவர்மெண்டே போட ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் ஹெபடைடிஸ் ஏ-னால கல்லீரல் மாற்று வரைக்கும் போற குழந்தைங்க அங்க இல்லாமலே போயிட்டாங்க. இங்க அது வர்ற வரைக்கும் நம்ம கைக்காசுதான்.

வீட்ல ஒருத்தருக்கு வந்துட்டா மத்தவங்க ரெண்டு வாரத்துக்குள்ள ஊசி போட்டா இன்னும் தடுக்கலாம், ஸ்கூலுக்கும் சொல்லிருங்க. ஊர்ல சின்ன வயசுலயே வந்து போயிருக்கும்னு தாத்தா பாட்டிக்கு அவ்வளவா கவலை இல்ல, ஆனா சென்னை ஃபிளாட்ல கேன் தண்ணி குடிச்சு வளந்த அப்பா அம்மாவுக்கு எதிர்ப்பு இல்லாம இருக்கலாம், பெரியவங்களுக்கு வந்தா குழந்தைங்கள விட மோசமா வரும், அதனால ஜிபிகிட்ட போறப்ப உங்களுக்கும் சேத்து கேட்டுருங்க.