19 வயதில் மறைந்த ஒரு போர் விமானியின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது எப்படி

இந்திரலால் ராயைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே வரிதான்: முதல் உலகப் போரில், இரண்டே வாரத்துக்குள் வான்சண்டையில் 10 வெற்றி. அங்கிருந்தே தொடங்கினேன். தப்பு. முதல் பக்கத்திலேயே போர் முடிந்துவிட்டது, ஆளைக் காணோம்.

நீங்கள் அவர் இறந்த நாளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை உள்ள ஊர் எல்லாம் வரும். காசு கிடையாது. ராய் இறந்தது 1918 ஜூலை 22. கல்லறை வடக்குப் பிரான்சில், எஸ்தவெல் என்ற சிற்றூரில்.

அடுத்து பணிப் பதிவேடு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏஐஆர் 76 என்ற வரிசையில் அதிகாரிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: பிரிட்டனின் விமானப்படை உருவானதே 1918 ஏப்ரல் 1 அன்றுதான். அதற்கு முன்பு ராயல் ஃப்ளையிங் கோர், தரைப்படையின் ஒரு பிரிவு. ராய் சேர்ந்தது 1917-ல். அந்தப் பெயரிலும் தேட வேண்டும்.

கிடைத்த தேதிகளை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். சரி, இப்போது தேதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1917 டிசம்பரில், 56-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவில் இருந்த ராய் எஸ்.இ.5ஏ போர் விமானத்தோடு விழுந்து அடிபட்டார். 1918 ஜூனில் 40-வது ஸ்குவாட்ரனில் மறுபடி தென்படுகிறார். நடுவில் ஆறு மாதம்! தேறிவந்த நாட்களில் விமானங்களாக வரைந்து தள்ளியிருக்கிறார். பறக்கத் தகுதியில்லை என்று சொன்ன பிறகும், கேட்டுக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். சேரும்போதும் இப்படித்தான். கண்பார்வை போதாது என்று தள்ளியதும், மோட்டார் சைக்கிளை விற்று இன்னொரு கண் மருத்துவரிடம் காட்டினார். என்னைக் கேட்டால், அந்த மோட்டார் சைக்கிள் 10 வெற்றிகளைவிடப் பெரிய செய்தி.

வெற்றிக் கணக்கில் நிதானம் வேண்டும். வானில் காட்டிய வீரத்துக்காக அவருக்குத் தந்த டி.எஃப்.சி. பதக்கத்தின் குறிப்பு 1918 செப்டம்பரில் பிரிட்டன் அரசிதழான லண்டன் கெஜட்டில் வந்தது; அதில் 9 என்று இருக்கிறது. பின்னால் வந்த பட்டியல்களில் 10. இரண்டையும் எழுதுங்கள், எது எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் எதிரி விமானம் கட்டுப்பாடிழந்து சுழன்று இறங்கினாலே வெற்றியாக எழுதிக்கொண்டார்கள். இருவர் சேர்ந்து வீழ்த்தியது இருவர் கணக்கிலும் ஏறியது. ஆகவே 10 விமானங்களை நொறுக்கினார் என்று எழுதிவிடாதீர்கள்.

வயதை நீங்களே கணக்குப் போடுங்கள். பிறந்தது 1898 டிசம்பர் 2, கல்கத்தா. நான் விரல்விட்டு எண்ணினேன்: 19 ஆண்டு, 7 மாதம், 20 நாள்.

அப்புறம் குடும்பம். எஸ்தவெல் கல்லறைக் கல்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதில் வங்காள எழுத்து இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய அம்மாவைத் தேடினேன். லோலிதா ராய். 1911-ல், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு லண்டன் தெருக்களில் போன ஊர்வலத்தில் நடந்தவர். என் கட்டுரையின் முதல் பத்தியை அடித்துவிட்டு, அந்தத் தெருவிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன்.